முப்பத்தோராம் வாய்

எதிர்க்கடை எந்திரத்தில்
என் துணிகள் சுழல நாற்பத்திரண்டு நிமிடம்.
வியாழன்தோறும் அதை
ஹைட்ரூனின் பாரில் செலவழிக்கிறேன்.

டூயிஸ்பர்க். துறைமுகத்துக்குப் பின்தெரு.
உலையை அணைத்துப் பல வருடமாயிற்று.
ஆனாலும் இரண்டேகாலுக்கு, ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு,
கதவு திறக்கிறது.
யாரும் கடிகாரம் பார்த்து வருவதில்லை.

புகைக்கத் தடை வந்ததை
ஜன்னல் திரையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்,
இன்னும் பழுப்பை விட்டபாடில்லை.
ஜாடியில் உப்புநீர், அதில் அவித்த முட்டைகள்.
ஒருவரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.
எண்ணிக்கை குறைகிறது.

ஏவால்ட் தோல் கோப்பையில் பகடை குலுக்கிக் கவிழ்ப்பார்.
உடனே தூக்கமாட்டார்.
மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு
தன் பந்தயப் புறாக்களைப் பற்றி
ஒரு வாக்கியத்தை முழுசாய் முடித்துவிட்டுத்தான்.
புறாக்கள் இப்போது இல்லை.
நிகழ்காலத்தில்தான் பேசுவார்.

நூரெட்டின் பீர் தொடமாட்டார், மால்ட் பானம்தான்.
அதற்கும் அட்டையில் பென்சில் கோடு,
நாலு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே.
சுரங்கத்தில் எண்ணியதும் அப்படித்தானாம்,
எதை என்று சொன்னதில்லை.

சுவரில் இரும்பு உண்டியல்.
நாற்பது வாய், நாற்பது எண்.
வாரம் ஒரு காசாவது விழவேண்டும்,
காலி வாய்க்கு ஒரு யூரோ அபராதம்.
அபராதப் பணத்தில்தான்
டிசம்பரில் எல்லோருக்கும் வாத்துக்கறி.

முப்பத்தொன்று ஃப்ரீடெல்முடையது.
உண்டியலுக்கு நேர்கீழே அவர் முக்காலி.
ஒருமுறை என் பைக்குள் எட்டிப் பார்த்து
"வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகவா போடுவாய்?" என்றார்.
எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சு அவ்வளவே.

போன வியாழன்
கணக்கு எழுதும் ஓட்மார் பெட்டியைத் திறந்து
முப்பத்தொன்று காலி, அபராதம் எழுதட்டுமா என்றார்.
"செத்தவனுக்கா?"
"விதியில் நோய் இருக்கிறது, விடுமுறை இருக்கிறது.
சாவு இல்லை.
வராததற்குக் கடிதம் தரவேண்டும்."
"தரச் சொல்லு!"
சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் இறங்கிக்கொள்ள இடம் தேடியது.
ஹைட்ரூன் யாரும் கேட்காத ஒரு பீரை ஊற்றி
நுரை அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பென்சிலைக் காதில் செருகிய ஓட்மார்
அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்.

இன்று அடுத்த வாரம்.

சாவி திரும்புகிறது. தகரத் தட்டு வெளியே வருகிறது.
இருபத்தொன்பது, ஐந்து யூரோ.
முப்பது, பத்து, தாள், அதுவும் நாலாய் மடித்து.
முப்பத்தொன்று...
ஓட்மார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
ஐம்பது சென்ட் ஒன்று.
ஒரு யூரோ ஒன்று.
இரண்டு யூரோ ஒன்று.
கூடவே, எந்தக் கடையிலும் செல்லாத
பழைய மார்க் ஒன்று.

"மார்க்கை எந்தப் பத்தியில் எழுத?"

ஏவால்ட் காலிக் கோப்பையைக் குலுக்கினார்,
பகடைகள் மேசைமேல் கிடந்தன.
நூரெட்டின் போன பருவத்துக் கால்பந்து அட்டவணையை
முதல்முறை போலப் படித்தார்.
நானும் என் அட்டையில் கோடுகளை எண்ணினேன்.
ஒன்றுதான் இருந்தது.

"முப்பத்தொன்று, மூன்று ஐம்பது."
எழுதிவிட்டார்.
மார்க்கைத் திரும்ப அதே வாய்க்குள் போட்டார்.
விழுந்த சத்தம் வெகுநேரம் இருந்தது, அல்லது
எனக்கு அப்படி.

எதிரே எந்திரம் நின்றுவிட்டிருந்தது.
உலர்த்தும் எந்திரம்
இரண்டு யூரோ நாணயம் தவிர வேறெதையும் விழுங்காது.
சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவில்லை.

டிராமில் ஈரத்துணி மடியில் கனத்தது.
பக்கத்து இருக்கைக்காரி கால்களை ஒடுக்கிக்கொண்டாள்.
வீட்டில் பிழிந்து விரித்தபோதுதான் பார்த்தேன்,
வெள்ளைச் சட்டை ஒன்று,
கழுத்துப் பட்டையில் மட்டும், லேசாய்ச்
சிவந்திருந்தது.